சாமி சுமக்கும் அமெக்கின் இடது முட்டி

திருவிழா அன்று காலையில் அமெக் வாசற்படியில் உட்கார்ந்து தலையை மனைவியிடம் கொடுத்திருந்தான். ஹெனுத் செம்புக் கத்தியால் மழித்துக்கொண்டிருந்தாள். சாமி தூக்குகிறவன் உடம்பில் ஒரு மயிர் இருக்கக்கூடாது. பத்து நாளாக மீன் வாசனையே வீட்டில் இல்லை. வாய்ச் சுத்தத்துக்காக உவர் உப்பை மென்று மென்று நாக்கு தடித்துக் கிடந்தது. இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். எட்டு நாள் மலைக்குப் பின்னால் ராசாவின் கல்லறைக் குகையில் கல் வெட்டு, இரண்டு நாள் வீடு, திருவிழா வந்தால் சாமி. தூங்கிக் கழித்த நாள் எதுவென்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

"தலையை ஆட்டாதீங்க. ரத்தம் வந்தா தீட்டுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க," என்றாள் ஹெனுத்.

"அனுப்பட்டுமே. படுத்துக்கலாம்."

"முட்டி எப்படியிருக்கு?"

அவன் இடது காலை நீட்டி மடக்கிப் பார்த்தான். மூன்று வருஷத்துக்கு முன் குகையில் ஒரு பாறைச் சில்லு சரிந்து இடது முட்டியில் விழுந்தது. அன்றிலிருந்து அது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

"மனுசனைக் களிமண்ணுல வனையிற க்னூம் சாமி, உங்க முட்டிக்கு வரும்போது மட்டும் அசந்துட்டாரு போல," என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

தெருவில் வண்ணான் பாகி போனான். தோளில் அழுக்கு மூட்டை இல்லை. முதுகு முழுக்கத் தடித்தடியாக வரிகள். ஆற்றங்கரையில் முதலைக்குப் பயந்து பயந்து ஊர்த் துணியெல்லாம் வெளுக்கிறவன். படித்துறையில் இறங்குமுன் முதலைச் சாமி சோபெக்குக்கு ஒரு பிடி ரொட்டி போடாமல் தண்ணீரில் கால் வைக்கமாட்டான். அவன் இவர்கள் வாசலைப் பார்க்காமலே போனான்.

ஹெனுத் கத்தியை நிறுத்தினாள். "இன்னிக்கு அவனைப் பத்தித்தானே கேக்கப் போறாங்க?"

"ஆமா."

"நீங்க சொல்லப் போறீங்களா இல்லையா?"

போன மாதத் திருவிழாவில் நடந்தது இதுதான். ராசா கொடுத்த செம்பு உளி ஒன்று காணாமல் போயிருந்தது. ஊர் வழக்கப்படி சாமியிடம் கேட்டார்கள். ஊரை உண்டாக்கிய பழைய ராசா செத்துச் சாமியானவர். அவர் சிலையை மஞ்சத்தில் வைத்து எட்டுப் பேர் தூக்கி நிற்பார்கள். கணக்கன் நெஃபர்ஹோர் எதிரே நின்று ஒவ்வொரு பெயராகச் சொல்வான். சாமி முன்னால் வந்தால் ஆமாம், பின்னால் போனால் இல்லை. பாகியின் பெயரைச் சொன்னபோது சாமி முன்னால் வந்தது.

வந்தது சாமி இல்லை. அமெக்கின் முட்டி மடங்கியது. முன்வரிசை இடது கம்பு அவனுடையது. அது தாழ்ந்ததும் மஞ்சம் முன்னால் சாய, கீழே விழாமலிருக்க மற்ற ஏழு பேரும் இரண்டு எட்டு எடுத்து வைத்தார்கள். சாமி நிஜமாக நகரும்போது எப்படியிருக்கும் என்று அமெக்குக்குத் தெரியும். பாரம் மேலேயிருந்து மெல்லத் திரும்பும், படுத்திருந்த மாடு எழுந்திருப்பதுபோல. எட்டுத் தோளுக்கும் ஒரே நேரத்தில் தெரியும். அன்று அப்படி எதுவும் இல்லை.

பாகியை அடித்தார்கள். உளி எங்கே என்றார்கள். இல்லாத உளியை அவன் எங்கேயிருந்து எடுப்பான்? இன்று சாமி மறுபடி ஆமாம் என்றால் ஆற்றுக்கு அக்கரையில் பெரிய மந்திரியின் ஆட்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள். ராசா சொத்தைத் திருடியவன் அங்கேயிருந்து மூக்கோடும் காதோடும் திரும்பி வந்ததில்லை.

"சாமியைப் பொய் சொல்ல வச்சவன்னு ஆயிடும் ஹெனுத். மலையுச்சியில இருக்கிற தாயி கண்ணைப் பறிச்சுடுவா. அவளுக்குப் பேச்சே ஆகாது, மௌனம்தான் பிடிக்கும். நானும் மௌனமாத்தானே இருக்கேன்."

"அடுத்தவன் முதுகு கிழியறப்ப வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுக்குப் பேரு மௌனமா? தாயிகிட்ட அப்படிச் சொல்லிப் பாருங்க, பாம்பை அனுப்புவா." அவள் அவன் தலையைத் துடைத்துவிட்டாள். "எழுந்திருங்க. முடிஞ்சது."

அமெக் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வீட்டுக்குள்ளே, நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் குள்ளச் சாமி பெஸ்ஸின் முன் கொஞ்ச நேரம் நின்றான். பிள்ளைகளையும் தூக்கத்தையும் காக்கிற சாமி அது. ஒரு மாதமாகத் தன்னைத் தூங்கவைக்க அதனாலும் முடியவில்லை என்று நினைத்தான்.

வெயில் ஏறிய பிறகு மஞ்சம் கோயிலிலிருந்து புறப்பட்டது. ஊரே குகைச் சாலை முனையில் நின்றது. பீர் குடத்தோடு பெண்கள், தோளில் பிள்ளைகள். பாகி நடுவில் தனியாக நின்றான். அவனைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணைக் காலியாக விட்டிருந்தார்கள்.

நெஃபர்ஹோர் தொண்டையைச் செருமினான். "எங்க நல்ல எசமானே, பாகியை அக்கரைக்கு..."

"கொஞ்சம் இரு," என்றான் அமெக். "மஞ்சத்தை இறக்கணும்."

வலது கம்பைப் பிடித்திருந்த இபுய் பல்லைக் கடித்தான். "ஏண்ணே, இப்பவா? அடக்கிக்கிட முடியலையா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மஞ்சம் இறங்கியது. அமெக் கம்பின் கீழிருந்து தோளை உருவினான். சொல்வதற்குப் பெரிதாக எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. களைப்பு அவனை யோசிக்க விடவில்லை.

"போன தடவை சாமி முன்னால வரலை. என் முட்டி மடங்கிப்போச்சு. அவ்வளவுதான்."

சிரிப்பு நின்றது. நெஃபர்ஹோர் நாணல் எழுதுகோலைக் காதிலிருந்து எடுத்தான், மறுபடி காதிலேயே வைத்தான். "சாமி முன்னால வந்துச்சுன்னு எழுதியாச்சு, அமெக். எழுத்துச் சாமி தோத் பேரைச் சொல்லி எழுதினதை எப்படி அழிக்கிறது?"

"அழிக்க வேணாம். கீழே இதையும் எழுது."

"முட்டியை மடக்கினது சாமியா இருந்தா?" என்றான் இபுய். கேலியாகக் கேட்கவில்லை. அவனுக்கும் பயமாக இருந்தது.

"ஒரு மாசமா நானும் அதைத்தான் எனக்கே சொல்லிக்கிட்டு இருந்தேன் இபுய். முடியலை."

நெஃபர்ஹோர் கூட்டத்தில் இருந்த பெரியவர்களைப் பார்த்தான். அவர்கள் தமக்குள் கூடிப் பேசினார்கள். கடைசியில், கேள்வியை முதலிலிருந்து கேட்பது, சுத்தபத்தமாக இருக்கும் வேறொருவன் இடது கம்பைப் பிடிப்பது என்று முடிவானது. அமெக் கூட்டத்தில் பாகிக்குப் பக்கத்தில் போய் நின்றான். காலியாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

சாமி மறுபடி உயர்ந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அமெக் அந்த முகத்தை எதிரே நின்று பார்த்ததில்லை. சுமப்பவன் கண்ணுக்கு முன்னால் பாதைதான் இருக்கும். கருத்த முகம். தைலமும் புகையும் படிந்து மூக்கு மழுங்கியிருந்தது. கொண்டுபோன இடத்துக்கெல்லாம் போய், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, அதுவும் அலுத்திருப்பதுபோல அவனுக்குத் தோன்றியது. அப்படி நினைத்ததற்காக மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

"எங்க நல்ல எசமானே, உளியை எடுத்தது பாகியா?"

மஞ்சம் அசையாமல் நின்றது. பிறகு, படுத்திருந்த மாடு எழுந்திருப்பதுபோல, பின்னால் போனது. நாலு அடி. எட்டுப் பேர் முகத்திலும் அது தெரிந்தது.

பெண்கள் கைதட்டினார்கள். பாகி மட்டும் அசையவில்லை.

"அண்ணே," என்றான், சாமியைப் பார்த்துக்கொண்டே. "ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்," என்றான் அமெக்.

இனி நீ கம்பைத் தொடவேண்டாம் என்று அன்று மாலையே பெரியவர்கள் சொல்லியனுப்பினார்கள். கோயில் ரொட்டிப் பங்கும் நின்றது. உளி அகப்படவேயில்லை. அமெக் வீட்டில் இருந்த கடைசி ரொட்டியை எடுத்துக்கொண்டு மலையுச்சித் தாயின் பாறைக்கு நடந்தான். கண்ணைப் பறித்தாலும் சரி, விட்டாலும் சரி என்று வைத்துவிட்டு, அங்கேயே நிழலில் சாய்ந்து நெடுநேரம் தூங்கினான்.

துணி எடுக்கும் நாளில் பாகி வந்தான். ஹெனுத் மூட்டையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். அவன் குனிந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. அமெக் எழுந்து, காலை இழுத்துக்கொண்டே போய், மூட்டையின் மறுமுனையைப் பிடித்தான். பாகி அவன் முட்டியை ஒரு பார்வை பார்த்தான்.

"வழியில போட்றாதீங்க," என்றான்.

இரண்டு பேரும் படித்துறைவரை போனார்கள்.