வினாகிரித் தண்ணீர்

சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு ஓடிவந்த மூன்றாவது மாதம் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. அப்போது நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம், ஒரு கடற்கரைக் குடும்பத்தின் காணிக்குள் கிடுகால் வேய்ந்து உரப்பைகளால் பக்கம் அடைத்த கொட்டிலில் இருந்தோம். நாங்கள் என்றால் நானும் அம்மாவும்தான். அப்பா செத்து ஆறு வருடம். அண்ணா வெளிநாட்டில். அன்று காலை கிணற்றடிக்குப் போக எழுந்த அம்மா கொட்டில் வாசலில் சரிந்து விழுந்தார். வலது கையும் காலும் அன்றோடு போயின. பேச்சில் "ஓம்", "தண்ணி", "பிள்ளை" என்று மூன்று நான்கு சொற்கள் மிஞ்சின.

அரசாங்கத் தடையால் வவுனியாவுக்கு அங்காலிருந்து சவர்க்காரம் வராத காலம் அது. வந்தாலும் யாரோ சேலை மடிப்புக்குள் மறைத்துக் கொண்டுவந்த ஒன்றிரண்டு கட்டிதான். அது எங்கள் கைக்கு எட்டாது. உடுப்புக்குப் பனம்பழம், சட்டி பானைக்குச் சாம்பல் என்று சனம் சமாளித்தது. நடந்து திரிகிற உடம்புக்குக் கிணற்றுத் தண்ணீரே போதும். பாயோடு கிடக்கிற உடம்புக்குப் போதாது. எத்தனை வாளி ஊற்றித் துடைத்தாலும் அம்மாவின் தோலில் ஒரு பிசுபிசுப்பு நின்றது. மூத்திர நாற்றம் போகவில்லை. பயத்தமா தேய்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். பயறு இருந்திருந்தால் நான் கஞ்சி காய்ச்சியிருப்பேன்.

காணிக்காரி அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருடைய புருஷன் முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்பவர். ஒருநாள் அக்கா ஒரு போத்தலோடு வந்தார்.

"பிள்ளை, இதைத் தண்ணியில கலந்து அம்மாவைத் துடைச்சுப் பாரும்."

"என்னக்கா இது?"

"வினாகிரி. தென்னங்கள்ளைச் சாடியில ஊத்தி, வாயைத் துணியால கட்டி விட்டனான். இப்ப நல்லாப் புளிச்சிட்டுது. ஒரு சிரட்டைக்குப் பத்துச் சிரட்டை தண்ணி விடும். கடலால வந்தால் அவரும் இதாலதான் கை கழுவுறவர். மீன் வெடுக்கே போயிடும்."

அன்றைக்கே கலந்தேன். ஈரத்துணியை அம்மாவின் கழுத்தடியில் வைத்ததும் அவர் முகத்தை மறுபக்கம் திருப்பினார். இடது கையால் என் கையைத் தட்டிவிட்டார். வாய் கோணி, எச்சில் வடிய, வாரக்கணக்கில் சொல்லாத ஒரு புதுச் சொல்லைச் சொன்னார்.

"கள்ளு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்த மனிதர் அப்பா. நல்ல உழைப்பாளி. ஆனால் வயலால் நேரே கள்ளுத் தவறணைக்குத்தான் போவார். அம்மா அவரோடு சத்தம் போட்டதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவருடைய சேட்டுகளை மட்டும் மற்ற உடுப்போடு சேர்க்காமல், தனியாகச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் தோய்ப்பார். பிறகு மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்ப்பார். போகாவிட்டால் மூன்றாம் தரம். அப்பா செத்த பிறகு ஒருமுறை என்னிடம் சொன்னார்: "உன்ர கொப்பரோட நான் சண்டை பிடிக்கேல்லை பிள்ளை. அவற்ற சேட்டோடதான் பிடிச்சனான்."

இருபத்தைந்து வருடம் கழுவிக் கழுவிப் போக்கிய அந்த மணத்தை நான் இப்போது அவர் உடம்பில் பூசிக்கொண்டிருந்தேன்.

வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வினாகிரி துடைத்த நாளில் நாற்றம் குறைந்தது, இலையான் மொய்ப்பது குறைந்தது, பிசுபிசுப்பும் போனது. ஆகவே தினமும் துடைத்தேன். தினமும் அம்மா முகத்தைத் திருப்பினார், தட்டிவிட்டார், அந்த ஒரு சொல்லைச் சொன்னார். ஒரு பகல், நான் காலையிலிருந்து நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தேன். அம்மா தட்டிய தட்டில் கிண்ணம் கவிழ்ந்து பாயெல்லாம் நனைந்தது. எனக்குள் ஏதோ அறுந்தது.

"அப்ப நாறிக்கொண்டு கிடவுங்கோவன்! நான் என்னத்தையம்மா செய்யிறது? சவர்க்காரத்துக்கு எங்க போறது?"

அக்கம்பக்கத்துக் கொட்டில்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அம்மா என்னைப் பார்த்தார். ஒரு கண்ணால் மட்டும் தண்ணீர் வழிந்தது. அடுத்த நாள் நான் துணியை நனைத்துக்கொண்டு கிட்டப் போனபோது தட்டவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. இடது கையைத் தானே தூக்கி, கமக்கட்டைத் துடைக்க விட்டார். அந்தச் சொல்லை அதற்குப் பிறகு அவர் சொல்லவேயில்லை. நான் வென்றேன். அப்படி ஒரு வெற்றி எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

தட்டுவதை நிறுத்தியதால்தான் மற்றதும் நடந்தது என்று எனக்குத் தோன்றும். முள்ளந்தண்டின் அடியில் தோல் சிவந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒருநாள் அந்த இடத்தைத் துடைத்தபோது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். புரட்டிப் பார்த்தேன். தோல் கழன்று உள்ளே சதை தெரிந்தது. அதன் மேல்தான் வினாகிரித் துணியை அழுத்தியிருந்தேன். எத்தனை நாளாக அழுத்தினேனோ, அவர் எத்தனை நாளாக வாய் திறக்காமல் கிடந்தாரோ.

கிழமைக்கு ஒருமுறை பள்ளிக்கூட மரத்தடிக்கு மருந்து கொடுக்க வரும் நேர்ஸிடம் ஓடினேன். அவர் கொட்டிலுக்கு வந்து குனிந்து பார்த்தார்.

"இதுக்கு மேல வினாகிரி பட்டதோ?"

"ஓம். தெரியாமல் துடைச்சுப் போட்டன்."

"புண்ணில படவே கூடாது. உப்புத்தண்ணியைக் கொதிக்க வைச்சு ஆறவிட்டுக் கழுவுங்கோ. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டி விடுங்கோ."

"அதாலயோ மிஸ் புண் வந்தது?"

"இல்லை. ஒரே பக்கம் கிடந்ததால வந்தது."

சொல்லிக்கொண்டே அவர் எழுந்துவிட்டார். மரத்தடியில் நாற்பது ஐம்பது பேர் காத்திருந்தார்கள். அந்த 'இல்லை'யை எத்தனையோ தரம் எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மையாகச் சொன்னாரா, என்னைத் தேற்றச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

மழை தொடங்கியது. கொட்டிலுக்குள் ஈரம் ஊறியது. புண் ஆழமாகிக் காய்ச்சல் பிடித்தது. மருந்து தேவையில் பாதிக்குத்தான் கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஆகும் முன், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது அம்மாவின் மூச்சு நின்றிருந்தது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

குளிப்பாட்ட அக்கா வந்தார். பழக்கத்தில் போத்தலையும் கையில் கொண்டுவந்துவிட்டார்.

"வேண்டாமக்கா," என்றேன்.

அவர் அதை வேலியடியில் வைத்துவிட்டு வந்தார். வெறும் தண்ணீரைச் சுடவைத்து ஊற்றினோம்.

ஒரு மாதம் கழித்து, வவுனியாவால் வந்த ஒருவர் கையில் அண்ணாவின் கடிதம் கிடைத்தது. அம்மா இருக்கும்போது எழுதியது. 'அம்மாவை வடிவாய்ப் பார்த்துக்கொள்' என்று இருந்தது. பதில் எழுத மூன்று நாள் சென்றது. கடைசியில், 'அம்மா ஒரு கஷ்டமும் படாமல் போனவா' என்று எழுதினேன்.

அண்ணா அதை நம்பினார். இப்போதும் அம்மாவின் திவசத்தன்று தொலைபேசி எடுத்து, நீ இருந்தபடியால்தான் அம்மா நிம்மதியாகப் போனவா என்று சொல்லி அழுவார். நான் ஓம் என்று சொல்லிவிட்டு, அவர் அழுது முடியும்வரை பிடித்துக்கொண்டு நிற்பேன்.