மூணு பேஸ்

கண்டாச்சிபுரத்துக்கு மேற்கே ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற கெங்கம்மாள், புருஷன் செத்தபிறகு மோட்டாருக்குத் தானே பியூஸ் போடக் கற்றுக்கொண்டவள். கிணறு கொழுந்தன் மணிமாறனோடு பொது. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. மோட்டார் ஓட மூன்று கம்பியிலும் கரண்டு வரவேண்டும். ஊரில் அதற்கு ‘மூணு பேஸ்’ என்று பேர். பகலில் சில மணி நேரம்தான் வரும்.

அன்றைக்கு அவள் முறை. காலை ஒன்பதுக்கு மூணு பேஸ் வந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு மடை திருப்பப் போனாள், தண்ணீர் நின்றுவிட்டது. ஓடி வந்தால், மணிமாறன் பியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தான்.

“இன்னிக்கு என் முற. குடு மணிமாறா.”

“ஒண்டி ஆளு உனக்கு எதுக்கு இவ்ளோ தண்ணி?”

பிடுங்கப் போனவளின் இடது தோளில் அவன் மண்வெட்டி இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் மறுபடி ஓங்கியபோது, கையில் அகப்பட்ட ஸ்பேனரால் அவன் வாயிலேயே அடித்தாள். பல் தெறித்தது. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே அவளை வயிற்றில் உதைத்து வாய்க்காலில் தள்ளினான்.

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில், பாதி மயக்கத்தில், போலீஸ்காரரிடம் சொன்னாள்: “மூணு பேஸ் வந்ததும்தான் சார் வெட்டு உழுந்துது. மணிமாறன்...”

அவர் பட்டணத்திலிருந்து புதிதாய் வந்தவர். பேஸ் என்றால் இங்கிலீஷில் முகம் என்றுதான் அவருக்குத் தெரியும். ‘மூன்று பேர் வந்து வெட்டினார்கள்’ என்று எழுதி, அவள் கட்டைவிரலை மையில் உருட்டி ஒற்றிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள், மணிமாறனின் மச்சான் பூவரசனுடைய மனைவி வெண்ணிலா அழுதுகொண்டு வந்து நின்றாள்.

“எங்க ஊட்டுக்காரு உன்ன இன்னாக்கா பண்ணாரு? அவரையும் அவரு தம்பியையும் ஸ்டேஷன்ல போட்டு அடிச்சிக்கினு இருக்காங்க. மணிமாறனோட சேத்து மூணு பேருன்னு நீதான் சொன்னியாம்.”

கெங்கம்மாளுக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. விளங்கியதும் ஒரு கெட்ட எண்ணமும் கூடவே வந்தது: மூணு பேரும் உள்ளே போனால் மணிமாறன் முறைக்கு மோட்டார் போட ஆளிருக்காது, கிணறு அவளுக்கு மட்டும்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு, கட்டுப்போட்ட கையோடு எழுந்தாள்.

“பேஸுன்னா ஆளு இல்லிங்க, கரண்டு,” என்றாள் ஸ்டேஷனில் அதே போலீஸ்காரரிடம். “வெட்டினவன் ஒருத்தன்தான்.”

“இப்போ மாத்தினா கேஸே நிக்காதும்மா.”

“நிக்காட்டி போவட்டும். அவன் பல்ல ஒடச்சது நானு. அதையும் எழுதிக்குங்க.”

உள்ளே யாரோ அலறினார்கள். கெங்கம்மாள் வலது கையால் மேசையை ஓங்கி அறைந்தாள். “மொதல்ல அத நிறுத்தச் சொல்லுங்க!”

சாயங்காலம் மணிமாறனை மட்டும் வைத்துக்கொண்டு, பூவரசனையும் அவன் தம்பியையும் விட்டார்கள். பூவரசனுக்கு இரண்டு விரல் ஒடிந்திருந்தது. அவளைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு நொண்டிக்கொண்டே போனான். மணிமாறன் பல்லை உடைத்ததற்காக அவள்மீதும் ஒரு கேஸ் பதிவானது.

ஊர்க்காரர்களை ஸ்டேஷனில் அடிபட வைத்தவள் என்று அறுவடைக்கு யாரும் கூலிக்கு வரவில்லை. கெங்கம்மாள் ஒற்றைக் கையால் மல்லாட்டை பிடுங்கினாள். நான்காம் நாள் வெண்ணிலா வந்தாள். பக்கத்துப் பாத்தியில் குனிந்து பிடுங்கத் தொடங்கினாள்.