பிடியரிசிப் பானை

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்குப் போனவன் யாரையும் நம்ப மாட்டான். நானும் என் முதலாளி ஒருவரைத் தவிர யாரையும் நம்பியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் உபதேசியார் ஜெபிக்கும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்தேதான் வைத்திருப்பேன்.

அதனால் என் மனைவியின் சந்தோஷம் எனக்குப் பிடிபடவே இல்லை. யுத்த காலம், அரிசிக்குக் கட்டுப்பாடு. பகலில் கேப்பங்கூழ், சாயங்காலம் ஒரு வேளைச் சோறு. கம்மலுக்குப் பதில் காதில் குச்சி செருகியிருந்தவள் அடுப்படியில் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லாதவளுக்கு என்ன பாட்டு? எதையோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அவள் தண்ணீருக்குப் போயிருந்தாள். அடுப்புக்குப் பின்னால் துணி கட்டிய சின்னப் பானை இருந்தது. கையை விட்டால் அரிசி.

குடத்தோடு வந்தவளிடம் கத்தினேன். "இன்னாடி இது? யாருக்கு எடுத்து வெச்சிக்கினு இருக்கே?"

"கோயிலுக்குங்க. ஒலையில போடறதுக்கு முந்தி ஒரு பிடி எடுத்து வெப்போம். நம்ம சபையில எல்லா வூட்லயும்தான். இல்லாதவங்களுக்குக் குடுப்பாங்க."

உபதேசியார் வீட்டுப் பானைக்குத்தான் போகும் என்று நினைத்தேன். கையும் களவுமாகப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை முன்னால் போய் உட்கார்ந்தேன். பெண்கள் வரிசையாக வந்து ஒரே கூடையில் கொட்டினார்கள். பச்சரிசி, புழுங்கல், சிவப்பரிசி, நொய் எல்லாம் ஒன்றாகக் கலந்தது. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இரண்டு வருஷம் முன்பு விஷ ஜுரத்தில் நான் பாயோடு கிடந்தபோது எங்கள் வீட்டில் வெந்தது இந்தக் கலப்பரிசிதான். பாதி குழைந்திருக்கும், பாதி வேகாது. முதலாளி தன் களஞ்சியத்தில் கூட்டி அள்ளி அனுப்பியிருக்கிறார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். எழுந்து நடந்ததும் போய் அவரைக் கும்பிட்டேன். அவரும் "சரி, சரி" என்று தலையாட்டினார். அந்த நன்றிக்காகவே அவர் சைகையாகச் செருமும்போதெல்லாம், ஒலக்கூர்ப் பக்கமிருந்து வண்டி கட்டி வந்தவர்களின் மல்லாட்டையைக் குறைத்து நிறுத்தேன்.

"ஏன்டி சொல்லலை?" என்று அவளைக் கேட்டேன்.

"கோயில் அரிசின்னா நீங்க துன்னிருப்பீங்களா?" என்று சிரித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு ஜெபத்தில் இரண்டு கண்ணையும் மூடினேன்.

மறுநாள் ஒலக்கூர் வண்டி வந்தது. முதலாளி செருமினார். நான் சரியாக நிறுத்தேன். மறுபடி செருமினார். அடுத்த மூட்டையும் சரியாகவே நிறுத்தேன். வண்டி போனதும் அருகே வந்து என் மடியை உற்றுப் பார்த்தார்.

"அவன்கிட்ட இன்னாடா வாங்கினே?"

என் மனைவியிடம் நான் கேட்ட அதே தொனி. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்க அவருக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போயிற்று.