நிலைக்காக அறுத்த ஹேண்டில்பார்

எங்கள் வீட்டு நிலைவாசலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள். அந்த நிலைச்சட்டத்தில் என் சைக்கிள் ஒரே வாரத்தில் மூன்று தடவை உரசிவிட்டது.

ஆறாம் வகுப்புக்கு நான் திருச்சுழிக்குப் போக வேண்டும் என்று அப்பா அருப்புக்கோட்டையில் வாங்கி வந்த லேடீஸ் சைக்கிள் அது. பழசுதான், எனக்கோ தேர் கிடைத்த மாதிரி. ஹேண்டில்பார் நல்ல அகலம்; எங்கள் வாசல் ஒடுக்கம். தெருவில் நிறுத்தினால் ஆடுகள் சீட்டைக் கடித்துவிடும். உள்ளேதான் வைத்தாக வேண்டும்.

"லச்சுமி இருக்குற எடம். வாசலை வெட்டவும் கூடாது, ஒரசவும் கூடாது" என்றார் அப்பா. மறுநாளே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஹேண்டில்பாரில் இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல் அறுத்துவிட்டார். வண்டி வீட்டுக்குள் வழுக்கிக்கொண்டு வந்தது. அப்பாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

அதற்குப் பிறகுதான் நான் ஓட்டப் பழகினேன். கை இரண்டும் சாமி கும்பிடுகிற மாதிரி நெஞ்சுக்கு முன்னால் நெருங்கி நிற்கும். லேசாக அசைத்தாலே முன்சக்கரம் வெடுக்கென்று திரும்பும். வளைவில் முட்டி கைப்பிடியில் இடிக்கும். விழாத நாளில்லை.

"அவளுக்கு பேலன்சே கெடையாதுப்பா. வண்டிய எனக்குக் குடுங்க, அவ பஸ்ஸுல வரட்டும்" என்றான் அண்ணன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஓட்டிவிட்டால் வண்டி எனக்கு, இல்லாவிட்டால் அண்ணனுக்கு என்று தீர்ப்பாயிற்று. பத்து நாள் இருந்தது. எட்டு நாள் விழுந்தே கழிந்தது. தெருப் பிள்ளையாரிடம் அழாத குறைதான்.

"இதுல என்ன கஷ்டம்? தள்ளு, நான் காட்டுறேன்" என்று எட்டாம் நாள் சாயங்காலம் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பிறந்ததிலிருந்து சைக்கிள் மிதித்தவர் போல ஓட்டக்கூடியவர். முதல் திருப்பத்திலேயே முட்டி இடித்து, நேராகக் குப்பைக் கிடங்குக்குள் போய் இறங்கினார். எழுந்து வேட்டியை உதறிவிட்டு, "டயர்ல காத்து கம்மி" என்றார்.

காற்றடிக்க மறுநாள் காலையில் அருப்புக்கோட்டைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் சாயங்காலம்தான் திரும்பினார். நெற்றி நிறையத் திருநீறு. ஹேண்டில்பார் முழுக்கத் திருநீறு.

"சாமிகிட்ட வச்சு வாங்கிட்டு வந்துருக்கேன். இனி விழமாட்டே தாயி, ஏறு."

ஏறினேன். கைகள் தோளுக்கு நேராக விரிந்து நின்றன. முதுகு நிமிர்ந்தது, மூச்சு தாராளமாக வந்தது. முட்டி எதிலும் இடிக்கவில்லை. நினைத்த பக்கம் சக்கரம் பதறாமல் திரும்பியது. கண்மாய்க் கரை வரை போய், கருவேல மரத்தைச் சுற்றிக்கொண்டு, மணியடித்தபடி வந்து வாசலில் நின்றேன். சாமி அருள் என்றால் உடம்புக்கு இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தேன்.

அண்ணன் வாயைப் பிளந்தான். "எப்பா, எனக்கும் கொஞ்சம் பூசி விடுங்க. கணக்குல பாசாகணும்."

அறுத்ததைக் கழற்றி எறிந்துவிட்டு, எனக்குத் தெரியக் கூடாதென்று அதே மாதிரி துருப்பிடித்த முழு ஹேண்டில்பாரைக் கடை கடையாகத் தேடி அப்பா மாட்டியிருந்தார். எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா இதைச் சொன்னாள். திருநீறு பூசி வந்த அன்றிலிருந்தே வண்டியை வீட்டுக்குள் ஏற்றுவது அப்பா வேலை. ஹேண்டிலை ஒருபக்கமாகத் திருப்பி, ஒரு முனையை முதலில் விட்டு, அடுத்ததைப் பின்னால் விட்டால் நிலையில் படாமல் போய்விடும். முதலில் இது யாருக்கும் தோன்றவில்லை. என்மேல் உள்ள பிரியத்தில் செய்கிறார் என்றிருந்தேன்.

பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் விடமாட்டேன். "அப்பா, வண்டிக்குத் துன்னூறு" என்று நிற்பேன். அவரும் கண்ணை மூடி, முணுமுணுத்து, பக்தியாகப் பூசிவிடுவார். அந்த நேரம் பார்த்து அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருப்பாள், தோள் குலுங்கும்.

அம்மாவுக்கு எவ்வளவு பக்தி, சாமியை நினைத்தாலே அழுகிறாளே என்று நானும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பெடலை மிதிப்பேன்.