பிளந்த வால்

நான் மூன்றாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் ஈஜிபுராவில் நாலு மாடி வீடு என் உழைப்பில் நிற்கிறது. எனக்குத் தெரியாதது கிடையாது என்றுதான் இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மொட்டைமாடியில் எங்கள் தலைக்கு மேல் பெரிய பறவை ஒன்று வட்டமிட்டது. "கருடன்! கும்பிடு" என்று பேத்தியைத் தோளில் தூக்கினேன்.

"மாமா, கருடனுக்கு வால் விசிறி மாதிரி இருக்கும். இது நடுவுல பிளந்திருக்கே, பருந்து. பக்கத்துத் தென்னையில கூடு வெச்சிருக்கு, புள்ளய எறக்குங்க" என்றாள் மருமகள்.

"எனக்கே சொல்றியா?"

சொல்லி முடிப்பதற்குள் அது பாய்ந்தது. பேத்தி அலறினாள். கண்ணெல்லாம் ரத்தம். அவளை அணைத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஓடினேன். கண் போய்விட்டது என்றே நினைத்தேன்.

நகம் கிழித்தது புருவத்தைத்தான் என்று டாக்டர் சொல்லும்வரை எனக்கு மூச்சே இல்லை.

"தெரியலம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த வயதிலும் அது என் வாயில் வரமாட்டேன் என்கிறது.