மைனியின் பாஸ்போர்ட்

ரோம் ரயில் நிலையத்தில் திருட்டுப் போன பாஸ்போர்ட் என் மைனியுடையது. ஆனால் அது போனது என் கையிலிருந்து. மைனி என் கணவரின் அக்கா. இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். நான் பள்ளி ஆசிரியை. ஊர்க் கோயிலிலிருந்து இருபது பேர் திருப்பயணம் போயிருந்தோம்.

கழிப்பறைக்குப் போகும்போது மைனி தன் பையை என்னிடம் தந்துவிட்டுப் போனார். ஒரு பெண் வந்து என் தோளைச் சுட்டிக் காட்டினாள். புடவையில் ஏதோ வெள்ளையாக வழிந்திருந்தது. அவளே காகிதக் கைக்குட்டையும் தந்தாள். பையைக் காலடியில் வைத்துவிட்டுத் துடைத்தேன். நிமிர்ந்தபோது அவள் இல்லை. பையும் இல்லை.

திரும்பி வந்த மைனியிடம் சொன்னேன்.

"அழாத மக்கா. எல்லாரும் பாக்காவ," என்றார். அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு அன்று மாலை விமானம். அவர்கள் போக, நாங்கள் இருவரும் தங்கினோம். கூட வந்த பாதிரியார் ஒரு கன்னியர் மடத்தில் இடம் கேட்டுக் கொடுத்தார். அங்கிருந்த மலையாளி சிஸ்டருக்கு எங்கள் தமிழ் முக்கால்வாசி புரிந்தது. போலீஸ் நிலையத்துக்கு அவர்தான் கூட்டிப்போனார். பையில் என்னென்ன இருந்தன என்று கேட்டார்கள். பாஸ்போர்ட், ஜெபமாலை, மூக்குக்கண்ணாடி, கருவாட்டுப் பொடி என்று மைனி வரிசையாகச் சொன்னார். கடைசிப் பொருளை விளக்க சிஸ்டருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஊருக்கு போன் செய்ய எனக்குத் துணிவில்லை. மைனி போனை வாங்கிக்கொண்டார்.

"ஏலே, எனக்க பாஸ்போர்ட்ட களவாண்டுட்டானுவ. நான்தான் பைய கீழ வச்சேன். உனக்க பொண்டாட்டி கூட நிக்கா, பயப்படாத."

"என்னத்துக்கு மைனி அப்படிச் சொன்னிய?" என்று கேட்டேன்.

"ஒனக்க கையிலேருந்து போச்சுன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். என்னைய ஏச அவனுக்கு நாக்கு எழும்பாது."

சனி, ஞாயிறு தூதரகம் கிடையாது. திங்களன்று கணவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாஸ்போர்ட் நகலையும் போலீஸ் புகாரையும் கொடுத்தோம். புதன்கிழமை, ஊர் திரும்ப மட்டும் செல்லுபடியாகும் ஒரு தாள் கிடைத்தது. அதை மைனி விமானத்தில் மடியிலேயே வைத்திருந்தார்.

ஊரில் புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். நடந்ததை மைனி அவரிடம் சொன்னார். அழுக்கான புடவை இப்போது மைனியுடையதாகிவிட்டது. ஒரு பெண் இரண்டு பெண்களானாள்; அதில் ஒருத்திக்குச் செம்பட்டை முடி. பக்கத்தில் தேநீர்த் தம்ளரோடு நின்ற எனக்கு முகம் சுட்டது.

பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்று கணவரிடம் உண்மையைச் சொன்னேன். என்னை ஏசவில்லை. "அக்கா எங்கிட்ட பொய் சொல்லிட்டாளே," என்று மட்டும் வருத்தப்பட்டார். அதை அப்படியே அக்காவிடம் போய்க் கேட்டும்விட்டார்.

மைனி நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"ஏட்டி, நீ என்ன காரியம் பண்ணுன? அந்தப் பொய்க்கு நான் சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனமும் பண்ணியாச்சு. எல்லாம் தீந்த பொறவு போய்ச் சொல்லியிருக்கியே!"

அந்த வாரம் முழுக்க என் வாசல் வழியே போனாலும் மைனி என்னைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பக்கத்தில் வந்து, "மத்தியானத்துக்கு என்ன கறி?" என்று கேட்டார்.