மிக்கேலம்மாளின் ஒருசந்தி

மிக்கேலம்மாளின் தட்டில் வைத்த முட்டை எங்கே போகிறது? எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் நான் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக இருந்தபோது, ஒரு வாரம் இதே கவலைதான்.

அவளுக்குச் சினைப்பையில் முற்றிய புற்றுநோய். வயிற்றில் நீர் கோத்து நிறைமாதக்காரி மாதிரி இருந்தாள். கை கால் மட்டும் குச்சி.

"இப்பக் கத்தி வச்சா தையல் சேராது சிஸ்டர். ரத்தத்துல புரோட்டீனே இல்ல. மூணு வாரம் நல்லா சாப்பிட வைங்க. அதுக்கு மேல தள்ளினா கட்டி குடலை மொத்தமாப் பிடிச்சிரும்" என்றார் சர்ஜன்.

முட்டை, பால், மீன் எல்லாம் தினமும் கொடுத்தோம். ஒரு வாரத்தில் பக்கத்துக் கட்டில்காரிக்குத்தான் கன்னம் உப்பியது. எனக்குச் சுருக்கென்றது.

"ஏளா, எல்லாத்தையும் அவளுக்கா குடுக்க? உனக்கென்ன கிறுக்கா?" என்று கத்திவிட்டேன்.

"ஆபரேசன் நல்லா முடியணும்னு மாதாவுக்கு ஒருசந்தி நேர்ந்திருக்கேன் சிஸ்டரம்மா. ஒரு வேளை கஞ்சிதான்."

பிழைப்பதற்காகப் பட்டினி! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பங்குச் சாமியாரை வரவழைத்தேன்.

"நோயாளிக்கு ஒருசந்தி கிடையாதும்மா" என்றார் அவர்.

"உங்களுக்கா சாமி நேர்ந்தேன்? மாதாவுக்குல்லா நேர்ந்தேன்!" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"வேற ஆள் அவளுக்குப் பதிலா இருக்கலாமா சாமி?" என்று கேட்டேன். இருக்கலாம் என்றார். எல்லோரும் அவள் புருஷன் சூசையைப் பார்த்தோம். கொழும்புக்குச் சரக்கு ஏற்றும் தோணியில் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். ஒரு பானைச் சோற்றை ஒற்றை ஆளாய் முடிக்கிறவர். மீசையைத் தடவிக்கொண்டு, "சரி, நான் இருந்துக்கிடுதேன். நீ சாப்பிடு" என்றார்.

அதன்பிறகு அவள் சீலா மீனை ரசித்துத் தின்பாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். "மணம் வருதா?" என்று சீண்டுவாள். பாவம் மனுஷன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ரத்தம் எடுக்க சூசையை அனுப்பினோம். ஆள் மெலிந்து, நிற்கவே தள்ளாடியதால் எடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சர்ஜன் என்னைப் பிடித்துக்கொண்டார்: "ஒரு ஆளைத் தேத்த இன்னொரு ஆளைக் கவுத்துட்டீங்களே சிஸ்டர்! ரத்தம் கையில இல்லாம வயித்தைத் திறக்க மாட்டேன்."

என் கெட்டிக்காரத்தனத்தை நானே நொந்துகொண்டேன். சூசை துறைமுகத்துக்குப் போனார். மத்தியானம் தோணி ஆட்கள் ஆறு பேரோடு திரும்பினார். ஊசியைக் கண்டதும் ஒருவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களில் மூன்று பேர் ரத்தம் அவள் ரத்தத்தோடு பொருந்தியது.

மறுநாள் ஐந்து மணி நேர ஆபரேஷன். கட்டியை, அது ஒட்டியிருந்த குடல் துண்டோடு சர்ஜன் வெட்டியெடுத்துத் தைத்தார். கல்லீரல் பக்கம் கடுகளவு மிச்சம். "மிச்சம் எவ்வளவு குறையுதோ, மருந்து அவ்வளவு நல்லாக் கேக்கும்" என்றார். தையல் பிடித்தது. அதன்பின் நாலு கிறிஸ்துமஸ் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஆபரேஷன் அன்று மயக்கம் தெளிந்ததும் அவள் கட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. "அவுக சாப்பிட்டாகளா?" என்றாள். அன்றிலிருந்து, ஆபரேஷனுக்கு வருகிறவர்களிடம் மட்டுமல்ல, கூட வருகிறவர்களிடமும் என் முதல் கேள்வி அதுதான்.